கொலம்போவின் விநயம்: பீட்டர் ஃபால்க்கின் நடிப்பைப் பற்றி ஓர் ஆராய்ச்சி

ஒரே பாத்திரத்தைப் பல்லாண்டுகள் திரும்பத் திரும்ப ஏற்று நடிப்பது நாடக மேடையில் அபூர்வம். திரைப்படத்தில் அதனினும் அபூர்வம். தொலைக்காட்சித் தொடரிலோ அதுவே நியதி. அந்நியதிக்கு உட்பட்ட நடிகர்களுள் பெரும்பாலோர், முதலிரண்டு ஆண்டுகளில் தாம் கண்டறிந்த அங்க அசைவுகளையும் குரல் விசேஷங்களையும் மூலதனமாக வைத்துக்கொண்டு, அதன் வட்டியிலேயே எஞ்சிய காலத்தைக் கழித்துவிடுகின்றனர். 1968 முதல் 2003 வரை, நடுவே பத்தாண்டுக்கும் மேற்பட்ட ஓர் இடைவெளியோடு, மொத்தம் 69 கதைகளில் லெப்டினன்ட் கொலம்போ என்னும் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துப் போலீஸ் அதிகாரியாகத் தோன்றிய அமெரிக்க நடிகர் பீட்டர் ஃபால்க் இதற்கு விலக்கானவர். அவர் அணிந்த பழைய மழைக்கோட்டையும், ஓயாமல் கையில் ஏந்திய சுருட்டையும் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. ஆயினும் அப்பாத்திரத்தை முப்பத்தைந்து ஆண்டுகள் வாடாமல் வைத்திருந்தது, அதன் விநயத்தைக் குறித்து ஃபால்க் கடைசிவரையில் தீர்த்துவைக்க மறுத்த ஒரு சந்தேகமே என்று நான் கருதுகிறேன்.

அச்சந்தேகம் இன்னது: கொலம்போ மறதிக்காரரைப்போல் பேசுகிறார், பெரிய மனிதர்களின் மாளிகைக்குள் அடியெடுத்து வைக்கக் கூசுகிறார், நாம் ஒருமுறைகூடக் கண்ணால் காணாத தம் மனைவியின் அபிப்பிராயங்களை மூச்சுக்கு மூச்சு எடுத்துச் சொல்கிறார், விடைபெற்று வாசல்வரை சென்றபின் நெற்றியைத் தடவிக்கொண்டு திரும்பி வந்து, தம்மை உறுத்தும் மற்றுமொரு சிறு விஷயத்தைக் கேட்கிறார். இவை யாவும் குற்றவாளியின் எச்சரிக்கையைத் தளர்த்துவதற்காக அவர் பூண்ட வேடமா, அல்லது அவருடைய சுபாவமே அதுதானா? வேடம் என்று முடிவுகட்டினால் பாத்திரம் வெறும் தந்திரசாலியாகக் குறுகிவிடும். சுபாவம் என்றாலோ, அத்துணைக் கூர்மையான புத்தி அத்துணைப் பேதைமைக்குள் குடியிருந்தது எங்ஙனம் என்ற கேள்வி எழும். இரண்டுக்கும் நடுவே ஒரு நூலிழையில் நின்றுகொண்டிருந்ததே ஃபால்க்கின் சாதனை. அவ்விழையில் அவர் நிற்கக் கற்றுக்கொண்டது எவ்வாறு என்பதை ஆராய்வதற்கு அவருடைய வாழ்க்கையின் முற்பகுதியைச் சிறிது அறிந்துகொள்வது அவசியம்.

1927 செப்டம்பர் 16 அன்று நியூயார்க் நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்த ஃபால்க், அந்நகருக்கு வடக்கே ஹட்ஸன் நதிக்கரையிலுள்ள ஆஸினிங் என்னும் ஊரில் வளர்ந்தார். தந்தை துணிக்கடை வைத்திருந்தவர். மூன்றாம் வயதில் விழித்திரையில் புற்றுநோய் கண்டு வலக்கண் அகற்றப்பட்டது. அன்று பொருத்தப்பட்ட செயற்கைக் கண்ணுடனேயே அவர் வாழ்நாள் முழுவதும் இருந்தார். அக்குறையை அவர் ஒருபோதும் மறைத்தவரல்லர். பள்ளிக்காலத்துப் பேஸ்பால் ஆட்டமொன்றில் தாம் ஆட்டமிழந்ததாகத் தவறாகத் தீர்ப்பளித்த நடுவரிடம், கண்ணைக் கழற்றி நீட்டி, இது உமக்குத்தான் அதிகம் தேவை என்ற பொருள்படச் சொன்ன கதையைப் பிற்காலத்துப் பேட்டிகளில் அவரே சந்தோஷமாக எடுத்துரைப்பார். இரண்டாம் உலக யுத்தத்தின் இறுதிக்காலத்தில் ராணுவம் ஏற்காத அந்த இளைஞரை வணிகக் கப்பல் ஏற்றது. அங்கே அவர் சமையற்காரராகப் பணிபுரிந்தார். பின்னர் நியூயார்க்கின் நியூ ஸ்கூலில் 1951-இல் பட்டம் பெற்று, சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் 1953-இல் பொது நிர்வாகவியலில் முதுநிலைப் பட்டமும் பெற்றார். நிர்வாகவியல் படித்தவருக்குரிய உத்தியோகமும் கிடைத்தது: கனெக்டிகட் மாகாணத்தின் ஹார்ட்ஃபோர்ட் நகரில், அரசாங்க வரவு செலவுக் காரியாலயத்தில், அலுவலகங்களின் வேலைத் திறனை மதிப்பிடும் ஆய்வாளர் பதவி.

இந்தப் பதவியைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இரண்டு வரிகளில் கடந்துவிடுகின்றனர். எனக்கு அது அத்துணை அலட்சியத்துக்குரியதாகத் தோன்றவில்லை. பிறர் வேலை செய்யும் இடத்துக்குள் அழையாமல் நுழைந்து, அவர்கள் எங்கே உட்காருகிறார்கள், எந்தக் காகிதம் எந்த மேசைக்குப் போகிறது, ஏன் போகிறது என்று கேட்டுத் தொந்தரவு செய்வதைத் தொழிலாகக் கொண்ட மனிதன், தான் ஆபத்தானவன் அல்லன் என்ற எண்ணத்தை எதிரிலிருப்பவர் மனத்தில் உண்டாக்கினாலன்றி ஒரு விவரமும் பெறமாட்டான். கொலம்போவின் பழக்கம் இதுவே. இந்த உத்தியோகத்திலிருந்தே அந்த நடிப்பு பிறந்தது என்று சாதிப்பதற்கு எனக்குச் சான்று கிடையாது; ஆனால் அரசாங்க அலுவலகத்துக் கீழ்நிலை உத்தியோகஸ்தனுடைய கூச்சமும் பிடிவாதமும் எப்படியிருக்கும் என்பதைக் கற்பனையால் அறியவேண்டிய அவசியம் இந்நடிகருக்கு இருக்கவில்லை என்று மட்டும் தைரியமாகச் சொல்லலாம்.

ஹார்ட்ஃபோர்டில் பயில்முறை நாடகக் குழுவொன்றில் நடித்துவந்தபோது, வெஸ்ட்போர்ட் என்னும் ஊரில் புகழ்பெற்ற நாடகக் கலைஞர் ஈவா லே காலியென் தொழில்முறை நடிகர்களுக்காக நடத்திய வகுப்பில், தம்மையும் தொழில்முறை நடிகர் என்று சொல்லிக்கொண்டு ஃபால்க் சேர்ந்தார். ஹார்ட்ஃபோர்டிலிருந்து காரோட்டி வருவதால் வாரந்தோறும் தாமதம். ஒருநாள் அதற்குக் காரணம் கேட்கப்பட்டபோது, தாம் உண்மையில் நடிகரே அல்லர் என்று ஒப்புக்கொண்டார். அங்ஙனமாயின் நீர் நடிகராகிவிடவேண்டியதுதான் என்பது அம்மையாரின் மறுமொழி. உத்தியோகத்தைத் துறந்து, ஏறக்குறைய 28-ஆம் வயதில் நியூயார்க் வந்துசேர்ந்த ஃபால்க், 1956-இல் ஹோஸே கின்டெரோ இயக்கிய யூஜின் ஓநீலின் ‘தி ஐஸ்மேன் கமெத்’ நாடகத்தின் மறு அரங்கேற்றத்தில், ஜேஸன் ரோபார்ட்ஸுடன், மதுக்கடைப் பணியாளாக நடித்தார். ஹாலிவுட்டில் கொலம்பியா ஸ்டூடியோவின் தலைவர் ஹாரி கோன், அதே ஊதியத்துக்கு இரண்டு கண்ணுள்ள நடிகன் கிடைப்பான் என்று சொல்லி அவரை நிராகரித்தது திரையுலகில் பிரசித்தமான சம்பவம்.

நிராகரித்தவர்களின் கணிப்பு சில ஆண்டுகளுக்குள் பொய்யாயிற்று. ‘மர்டர், இன்க்.’ என்னும் 1960-ஆம் ஆண்டுப் படத்தில் ஏப் ரெலிஸ் என்னும் கூலிக் கொலைகாரனாகவும், அடுத்த ஆண்டு ஃப்ராங்க் காப்ராவின் ‘பாக்கெட்ஃபுல் ஆஃப் மிரக்கிள்ஸ்’ படத்தில் நகைச்சுவை கலந்த அடியாளாகவும் நடித்து, இரண்டுக்கும் துணைநடிகருக்கான ஆஸ்கார் பரிந்துரை பெற்றார். ‘தி பிரைஸ் ஆஃப் டொமேட்டோஸ்’ என்ற தொலைக்காட்சி நாடகத்துக்காக 1962-இல் முதல் எம்மி விருதும் வந்தது. 1965-இல் தொடங்கிய ‘தி டிரையல்ஸ் ஆஃப் ஓ’பிரையன்’ என்ற வழக்கறிஞர் தொடரைக் கொலம்போவினும் அதிகமாகத் தாம் நேசித்ததாக அவர் சொல்லியதுண்டு. பார்வையாளர் நேசிக்காமையால் அது ஒரு பருவத்தோடு நின்றது.

இனிக் கொலம்போவின் உற்பத்தியைக் காண்போம். பிலடெல்பியாவில் பள்ளி நாள் முதல் நண்பர்களாகிச் சேர்ந்தே எழுதிவந்த ரிச்சர்ட் லெவின்ஸன், வில்லியம் லிங்க் என்னும் இருவருடைய சிருஷ்டி அது. 1960-இல் ‘எனஃப் ரோப்’ என்ற நேரடி ஒளிபரப்பு நாடகத்தில் பெர்ட் ஃப்ரீட் என்பவர் முதன்முதலில் அவ்வேடத்தை ஏற்றார். அதே கதை விரிவடைந்து ‘பிரிஸ்கிரிப்ஷன்: மர்டர்’ என்னும் மேடை நாடகமாக 1962-இல் ஊர் ஊராகச் சென்றபோது, முதுபெரும் நடிகர் தாமஸ் மிட்செல் அதனை ஏற்று, அவ்வாண்டின் இறுதியிலேயே காலமானார். அந்நாடகத்தை எழுதுகையில் ஒரு காட்சி நீளம் போதாமல் நிற்க, தட்டச்சு செய்துமுடித்த பக்கங்களை மீண்டும் தட்டச்சு செய்ய மனமின்றி, வெளியேறிய துப்பறிவாளரை இன்னொரு கேள்வியுடன் திரும்பி வரச் செய்தார்கள். உலகப் பிரசித்தி பெற்ற அந்தத் திரும்புதல் அவ்வாறு பிறந்ததென்று லிங்க் கூறியிருக்கிறார். தாஸ்தாயெவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ நாவலில் ரஸ்கோல்நிகவைப் பேச்சினாலேயே வளைத்துவரும் விசாரணை அதிகாரி பர்ஃபீரி பெத்ரோவிச்சும், செஸ்டர்டனின் எளிய பாதிரியார் பிரவுனும் தங்களுக்கு முன்னோடிகள் என்பதை அவ்விருவரும் மறைக்கவில்லை.

1968-இல் அந்நாடகத்தைத் தொலைக்காட்சிப் படமாக்க முற்பட்டபோது, முதலில் கருதப்பட்டவர்கள் பிங் கிராஸ்பியும் லீ ஜே. காப்பும் ஆவர். ஒருவர் மறுத்தார், மற்றவருக்கு ஓய்வில்லை. அப்போது நாற்பது வயதான ஃபால்க் இவ்வேடத்துக்கு மிகவும் இளையவர் என்று படைத்தவர்களே தயங்கினார்கள்; ஆயினும் வேடம் அவருக்கே வாய்த்தது.

அக்கதைகளின் அமைப்பு நடிகர்மீது சுமத்திய பாரத்தை இங்கே கவனிக்கவேண்டும். சாதாரணத் துப்பறியும் கதையில் கொலை செய்தவன் யார் என்ற மர்மம் வாசகனைக் கடைசிப் பக்கம்வரை இழுத்துச் செல்லும்; நடுவே துப்பறிவாளன் சோர்ந்தாலும் மர்மம் சோர்வதில்லை. ஆர். ஆஸ்டின் ஃப்ரீமன் என்ற ஆங்கில எழுத்தாளர் 1912-இல் வெளியிட்ட ‘தி ஸிங்கிங் போன்’ தொகுதியில் இம்முறையைத் தலைகீழாக்கி, கொலையையும் கொலைகாரனையும் முதலிலேயே காட்டிவிட்டு, பிடிபடும் விதத்தையே கதையாக்கினார். லெவின்ஸனும் லிங்கும் கைக்கொண்டது இம்முறையை. துப்பாக்கிச் சூடும் கார்த் துரத்தலும் அக்கதைகளில் இல்லை; தொடக்கத்தின் நெடும்பகுதியில் துப்பறிவாளரே இல்லை. முடிவும் தெரிந்த ஒன்றுதான். எஞ்சுவது இரு மனிதர் எதிரெதிரே நின்று நிகழ்த்தும் சம்பாஷணை மட்டுமே. பார்வையாளனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரியாதது, எதிரே தலையைச் சொறிந்துகொண்டு நிற்கும் இம்மனிதருக்கு எவ்வளவு தெரியும் என்பது ஒன்றே. அந்த அறியாமையை ஒன்றரை மணி நேரம் காப்பாற்றித் தருவது முழுவதும் நடிகரின் முகத்தையும் குரலையும் பொறுத்தது.

1968 பிப்ரவரி 20 அன்று ஒளிபரப்பான அம்முதற்படத்தில் நாம் காணும் கொலம்போ பிற்காலத்தவரல்லர். தலை படிய வாரியிருக்கிறது. பேச்சில் கத்தியின் விளிம்பு தெரிகிறது. கொலைக்கு உடந்தையான இளம்பெண்ணைத் தனியே மடக்கி, அவள் நடுங்கும்வரையில் குரலை உயர்த்தி மிரட்டுகிறார். ஜீன் பாரி நடித்த மனோதத்துவ வைத்தியரான கொலைகாரர், மதுக்கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, கொலம்போவின் எளிமை முழுவதும் ஒரு தற்காப்பு உத்தி என்றும், தோற்றத்தால் பிறரைக் கவர இயலாதவர் தம்மைக் குறைத்து மதிப்பிடச் செய்து அதனாலேயே வெல்கிறார் என்றும், சிகிச்சைக்கு வந்தவனிடம் நோயை விளக்குவதுபோல் விளக்குகிறார். 1971 மார்ச்சில் வந்த இரண்டாம் படத்தில் லீ கிராண்ட் ஏற்ற வழக்கறிஞர் பாத்திரமும் ஏறக்குறைய இதே குற்றச்சாட்டைச் சொல்லி, அந்தப் பணிவையும் மறதியையும் குடும்பக் கதைகளையும் பழகிப்போன கைச்சரக்கு என்று இகழ்கிறது. ஆகவே, வேடமே என்ற கட்சியை எழுத்தாளர்களே தொடக்கத்தில் கொலைகாரர்களின் வாயில் வைத்துவிட்டார்கள். கொலம்போ அதை மறுப்பதுமில்லை, ஏற்பதுமில்லை, ஃபால்க் அந்தக் கணங்களில் முகத்தைக் கற்போல் வைத்துக்கொள்ளாமல், சிறிது சங்கடப்பட்டவர்போல் புன்முறுவல் செய்கிறார். அப்புன்முறுவலில் தொடர் முழுவதற்கும் வேண்டிய விதை இருந்தது.

1971 செப்டம்பர் 15 அன்று என்.பி.சி. நிறுவனத்தின் சுழல்முறைத் தொடர்களுள் ஒன்றாகக் ‘கொலம்போ’ தொடங்கியது. வேறிரண்டு தொடர்களோடு மாறிமாறி வந்ததனால் முதற் பருவத்தில் ஏழு கதைகளே. அந்த நிதானமும் தொடரின் தரத்துக்கு ஓரளவு காரணம் எனலாம். முதற் கதையான ‘மர்டர் பை தி புக்’கை எழுதியவர் ஸ்டீவன் பாச்கோ, இயக்கியவர் அந்நாளில் இருபத்தைந்து வயதுகூட நிரம்பாத ஸ்டீவன் ஸ்பீல்பெர்க். சேர்ந்து எழுதும் இரு மர்மக்கதை ஆசிரியர்களுள் எழுதத் தெரியாதவன் எழுதத் தெரிந்தவனைக் கொல்லும் அக்கதையைச் சேர்ந்தே எழுதிய இருவருடைய தொடர் தன் முதற்கதையாகக் கொண்டது ரசிக்கத்தக்கது. மழைக்கோட்டு ஃபால்க்கின் சொந்தச் சொத்து. நியூயார்க்கில் மழையில் அகப்பட்டபோது சொற்ப விலைக்கு வாங்கியது. பேஜோ 403 என்ற நைந்துபோன பிரெஞ்சுக் காரையும் ஸ்டூடியோவின் வாகனக் கொட்டகையில் அவரே தேர்ந்தெடுத்தார். இவ்வுபகரணங்களைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டுவிட்டது. அவற்றை விட்டுப் பாத்திரத்தின் உட்பொருளுக்குச் செல்வோம்.

1973 அக்டோபரில் ஒளிபரப்பான ‘எனி ஓல்ட் போர்ட் இன் எ ஸ்டார்ம்’ என்னும் கதையே இத்தொடரின் சிகரம் என்று நான் கருதுகிறேன். டொனால்ட் பிளெஸன்ஸ் ஏற்ற ஏட்ரியன் கார்ஸினி, திராட்சமதுவைத் தவிர வாழ்க்கையில் வேறெதனையும் நேசிக்காதவர். தந்தை விட்டுச் சென்ற மது உற்பத்திச் சாலையை விற்றுவிட முனைந்த மாற்றாந்தாய் மகனான தம்பியை அடித்து வீழ்த்தி, மதுக் கிடங்கில் கட்டிப்போட்டு, குளிர்பதனத்தை நிறுத்திவிட்டு நியூயார்க்குக்குப் போய்விடுகிறார். அடைபட்டவன் மூச்சுத் திணறி மாய்கிறான். கொலம்போவுக்கு மதுவைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆகவே அதில் தேர்ந்த ஒருவரிடம் சென்று, கிடைத்த சிறுபொழுதில் கற்றுக்கொள்ளக்கூடியதனைத்தையும் கற்றுக்கொள்கிறார். அக்கல்வி பாசாங்காகத் தொடங்குகிறது என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கையிலேயே, அவர் கண்ணில் மெய்யான ஆனந்தம் தோன்றிவிடுகிறது. கோப்பையை ஒளியில் உயர்த்திப் பார்க்கும் ஃபால்க்கின் பாவனையில், தந்திரத்துக்காக ஒன்றைக் கற்கப் போனவன் அதன் அழகில் அகப்பட்டுக்கொண்ட வியப்பு தத்ரூபமாகத் தெரிகிறது.

வழக்கு முடிவதும் அக்கல்வியினாலேயே. கார்ஸினியை விருந்துக்கு அழைத்து, அவருடைய கிடங்கிலிருந்தே எடுத்துவந்த மதுவை அவருக்குத் தெரியாமல் பரிமாறச் செய்கிறார் கொலம்போ. மது கெட்டுவிட்டது, கடும் வெப்பத்தில் கிடந்திருக்கிறது என்று கார்ஸினியின் நாவே கூச்சலிட்டு அறிவிக்கிறது. உலகில் வெகுசிலர்க்கே வாய்த்த அந்த ரசனை கார்ஸினிக்கு எதிரான சாட்சியாகிவிடுகிறது. பின்னர், கெட்டுப்போன புட்டிகளையெல்லாம் கடலில் எறிந்துகொண்டு நிற்கும் கொலைகாரரைக் கைதுசெய்து அழைத்துவரும் வழியில், மதுச்சாலையின் வாயிலில் காரை நிறுத்தி, தாம் தேர்ந்தெடுத்துக் கொண்டுவந்த ஒரு மதுவைக் கொலம்போ அவருக்கு ஊற்றித் தருகிறார். தேர்வு பொருத்தமானது, நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கிறீர் என்று குரு சிஷ்யனை மெச்சுகிறார். தம்மிடம் இதுகாறும் ஒருவரும் சொல்லாத இனிய வார்த்தை அது என்று கொலம்போ சொல்லும்போது, அதில் தந்திரத்துக்கு ஒரு பிரயோஜனமும் மிச்சமில்லை, வழக்கு முடிந்துவிட்டது, ஏமாற்றவேண்டியவர் எவருமில்லை. விநயம் வேடமாக இருந்தால் இவ்விடத்தில் அது கழன்று விழுந்திருக்கவேண்டும். கழலவில்லை. அதே தாழ்ந்த குரல், அதே தயக்கம், அதே நன்றியுணர்ச்சி. சுபாவம் என்ற கட்சிக்கு ஃபால்க் தரும் பலமான சாட்சியம் இந்தக் காட்சி.

இதற்கு எதிர்ச் சாட்சியம் அதே ஆண்டின் பிப்ரவரியில் வந்த ‘எ ஸ்டிச் இன் கிரைம்’ கதையில் உள்ளது. லெனார்ட் நிமாய் ஏற்ற அறுவை வைத்தியர், தம் மேலதிகாரியைச் சிகிச்சை என்ற பெயரால் மெல்லக் கொல்ல ஏற்பாடு செய்துவிட்டு, கொலம்போவின் குற்றச்சாட்டைக் கேட்டுச் சிரிக்கிறார். அக்கணத்தில் மேசைமேலிருந்த தண்ணீர்க் குடுவையைக் கொலம்போ ஓங்கி வைக்கும் ஓசையில் சிரிப்பு அறுந்துபோகிறது; அடுத்து வரும் சொற்களில் தடுமாற்றம் இல்லை, மனைவியைப் பற்றிய பேச்சு இல்லை. விநயத்துக்குள்ளே இரும்பு இருப்பது அங்கே தெரிகிறது. ஆனால் அக்கோபம் தம் சாமர்த்தியத்தை இகழ்ந்ததற்காக எழுந்ததன்று. ஓர் உயிர் ஊசலாடிக்கொண்டிருக்கையில் ஒருவன் சிரிக்கிறான் என்பதற்காக எழுந்தது. 1968-இல் இளம்பெண்ணை மிரட்டிய குரலுக்கும் இதற்கும் உள்ள தூரம் பெரிது. முன்னது வழக்கை வெல்வதற்கான கருவி, பின்னது தர்மாவேசம். ஐந்தாண்டுகளில் அப்பாத்திரத்தினுள் ஏதோ ஒன்று முதிர்ந்துவிட்டது. அம்முதிர்ச்சியில் எழுத்தாளர்களுக்கு உள்ள பங்கினும் நடிகருக்குள்ள பங்கு குறைந்ததன்று.

1977-இல் வந்த இரு கதைகளில் கொலம்போ தம்மைப் பற்றித் தாமே பேசுகிறார். நுண்ணறிவாளர் கழகமொன்றில் நடந்த கொலையைத் துலக்கும்போது, பள்ளியிலும் போலீஸ் துறையிலும் தம்மைவிடப் புத்திசாலிகளை எங்கும் சந்தித்ததாகவும், அவர்களினும் கடுமையாக உழைத்து, புத்தகங்களைப் படித்து, கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டிருந்தால் தாமும் முன்னேறலாம் என்று எண்ணியதாகவும் சொல்கிறார். ‘டிரை அண்ட் கேட்ச் மி’ கதையில், ரூத் கார்டன் ஏற்ற வயோதிக மர்மக்கதை ஆசிரியையான கொலைகாரி, சற்றும் எதிர்பாராத நேரத்தில் அவரை மாதர் கூட்டமொன்றில் பேசச் செய்து சங்கடப்படுத்த நினைக்கிறாள். முதலில் திகைத்த கொலம்போ, தம் தொழிலில் மனிதரின் கேடுகளையே கண்டும் மனிதரை வெறுக்கக் கற்கவில்லை என்றும், தாம் சந்திக்கும் கொலைகாரர்களில் சிலரைக்கூட, செய்த செயலுக்காக அல்லாமல், அவர்களிடமுள்ள அறிவுக்காகவோ நகைச்சுவைக்காகவோ நற்குணத்துக்காகவோ விரும்புவதுண்டு என்றும் கூறுகிறார். கூறும்போது அவர் பார்வை அந்த மூதாட்டியை ஒரு கணம் தொட்டு மீள்கிறது. அது பொறியா, பரிவா? இரண்டும். இரண்டும் ஒரே பார்வையில் அடங்கக்கூடும் என்று நம்மை நம்பவைப்பது, பயிற்சியால் மட்டும் வருவதன்று.

இத்தொடரில் வரும் கொலைகாரர்கள் ஏறக்குறைய எல்லாரும் செல்வர்கள், பிரபலஸ்தர்கள், கல்விமான்கள். துப்பறிபவர் மாதச் சம்பளக்காரர். வர்க்க பேதத்தைப் பற்றி ஒரு வாக்கியமும் உபதேசிக்காமலே, மாளிகைக் கதவைத் தட்டும் எளியவன் இறுதியில் வெல்வதை அமெரிக்கத் தொலைக்காட்சி வாரக் கணக்கில் காட்டிற்று. ஆனால் ஃபால்க் அதைப் பழிவாங்கும் கதையாக ஆக்கவிடவில்லை. ‘நெகட்டிவ் ரியாக்ஷன்’ கதையில் ஏழைகளுக்கு உணவளிக்கும் இல்லத்துக்கு விசாரணைக்குச் சென்ற கொலம்போவை வீடற்றவரென்று எண்ணிக் கன்னியாஸ்திரீ ஒருவர் உணவளித்து, வேறொரு கோட்டும் தர முற்படுகிறார். அவர் மனம் நோகக்கூடாதென்று கொலம்போ படும் பாடு, செல்வர் வீட்டில் படும் பாட்டிலிருந்து சிறிதும் மாறுபட்டதன்று. எவரிடமும் ஒரே மரியாதை. ‘ஃபர்காட்டன் லேடி’ கதையில் இம்மரியாதை சட்டத்தையே சற்று வளைக்கிறது: ஜேனட் லீ ஏற்ற பழைய திரைநடிகை, மூளையில் தீராத நோய் கண்டு, தான் செய்த கொலையையே மறந்துவிட்டவள்; அவளை நேசிக்கும் நண்பர் பழியைத் தாம் ஏற்கிறார்; அந்த வாக்குமூலம் பொய்யென்று அறிந்தும், அது பொய்யென்று நிரூபணமாவதற்குள் அவள் காலம் முடிந்துவிடும் என்பதையும் அறிந்து, கொலம்போ தலையசைத்து விட்டுவிடுகிறார்.

படப்பிடிப்பில் ஃபால்க் எளிதில் திருப்தியடைபவரல்லர். ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப எடுக்கச் சொல்வார், வசனங்களை மாற்றுவார், எழுதப்படாத இடத்தில் பென்சில் இருக்கிறதா என்று கேட்டுப் பையைத் துழாவி, எதிர் நடிகரின் முகத்தில் ஒத்திகை செய்யப்படாத எரிச்சலை வரவழைத்துவிடுவார். யூனிவர்சல் நிறுவனத்தோடு ஊதியத்துக்காகவும் நேரத்துக்காகவும் கடும் சச்சரவுகள் நிகழ்ந்தன. அவர் தேடிய கூட்டாளிகளும் அத்தகையவர்களே. நான்கு முறை கொலைகாரராக நடித்து, ஐந்து கதைகளை இயக்கிய பேட்ரிக் மக்கூஹன் ஒருவர். ஆப்த நண்பரான ஜான் கஸவெட்டிஸ் மற்றொருவர். 1974-இல் வெளியான கஸவெட்டிஸின் ‘எ வுமன் அண்டர் தி இன்ஃப்ளூயன்ஸ்’ படத்துக்குத் தம் சொந்தப் பணத்தில் பெருந்தொகையை ஃபால்க் கொடுத்ததோடு, ஜீனா ரோலண்ட்ஸ் ஏற்ற பாத்திரத்தின் கணவன் நிக் வேடத்தையும் ஏற்றார். கொலம்போவை மட்டும் அறிந்தவர் அப்படத்தைக் கண்டால் திடுக்கிடுவர். மனைவியின் சித்தம் கலங்கி வருவதைக் கண்ணெதிரே கண்டும், அவள் சொல்வதைக் கேட்கத் தெரியாமல், கத்தியும் கட்டளையிட்டும் தன் பயத்தை மறைக்க முயலும் தொழிலாளி அவன். கொலம்போ செவியே உருவானவன், நிக் செவியற்றவன். ஒரே காலத்தில் ஒரே உடம்பு இவ்விரண்டையும் தாங்கிற்று என்பதை அறிந்தபின், கொலம்போ ஃபால்க்கின் இயல்பான சுபாவமே என்று சொல்லித் திருப்தியடைவது இயலாது. அது ஆக்கப்பட்டது, வாக்கியம் வாக்கியமாகச் செதுக்கப்பட்டது.

1978-இல் என்.பி.சி. தொடர் நின்றது. 1987-இல் விம் வெண்டர்ஸ் மேற்கு பெர்லினில் எடுத்த ‘விங்ஸ் ஆஃப் டிஸையர்’ படத்தில் ஃபால்க் ஏறக்குறையத் தாமாகவே தோன்றுகிறார்: படப்பிடிப்புக்கு வந்த அமெரிக்க நடிகர், ஓய்வு நேரத்தில் துணைநடிகர்களின் முகங்களைச் சித்திரமாக வரைபவர். வரைவது அவருடைய வாழ்நாள் பழக்கம். தெருவில் போகும் இளைஞர்கள் அவரைக் கண்டு, கொலம்போதானோ என்று ஐயுற்று, அவ்வளவு பழைய கோட்டில் அவர் வரமாட்டார் என்று தங்களையே மறுத்துக்கொள்கிறார்கள். மனிதர் கண்ணுக்குத் தெரியாத தேவதூதன் அருகில் நிற்பதைக் காப்பிக் கடையின் முன் அவர் உணர்ந்து, வெற்றிடத்தை நோக்கிக் கை நீட்டும் காட்சி, முன்பு தேவதூதராயிருந்து மனிதராக விரும்பி இறங்கிவந்தவர் அவர் என்ற செய்திக்கு ஆயத்தம். வெறும் காற்றோடு நேசமாகப் பேசி அதை நம்பச் செய்வதற்கு, எதிரிலிருப்பவரைக் கவனிக்கும் கலையில் பல்லாண்டு பழகிய நடிகரே வேண்டியிருந்தார்.

1989-இல் ஏ.பி.சி. நிறுவனம் தொடரைப் புதுப்பித்தது. 2003 ஜனவரிவரை 24 கதைகள் வந்தன. அவற்றுள் மக்கூஹன் நடித்து இயக்கிய ‘அஜெண்டா ஃபார் மர்டர்’ முன்னவற்றுக்கு ஈடானது. ஆனால் பொதுவில் நோக்கினால், தடுமாற்றம் மிகைப்பட்டு, பாத்திரம் தன்னையே அபிநயிக்கும் அபாயத்தை நெருங்கியது என்று சொல்லத்தான் வேண்டும். விநயம் வேடமா, சுபாவமா என்ற சந்தேகம் பல கதைகளில் வேடத்தின் பக்கமே சாய்ந்துவிடுகிறது. எனினும் 1990-இல் அவருக்குக் கொலம்போவுக்கான நான்காம் எம்மி கிடைத்தது. 1972, 1975, 1976 ஆண்டுகளில் முந்தைய மூன்றும் வந்திருந்தன. 2006-இல் தம் நினைவுகளைப் புத்தகமாக வெளியிட்டார். அதன்பின் மறதிநோய் பற்றியது. 2011 ஜூன் 23 அன்று பெவர்லி ஹில்ஸில் தம் 83-ஆம் வயதில் காலமானார். 2014-இல் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில், பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பத்திரிகாசிரியர் ஃபால்க் மிக்ஷாவின் பெயர் தாங்கிய வீதியில், நாயோடு நிற்கும் கொலம்போவுக்கு வெண்கலச் சிலை எழுப்பப்பட்டது. இருவருக்கும் உறவுண்டு என்பார்கள்; நிரூபணம் இல்லை.

ஃபால்க்கின் கலையை முறையாகப் பயில விரும்புவோர், முதலில் பெர்ட் ஃப்ரீட் நடித்த 1960-ஆம் ஆண்டு நாடகத்தையும் அடுத்து 1968-ஆம் ஆண்டுப் படத்தையும் காண்பது நலம். கதை ஒன்று, கொலைகாரர் ஒருவர், வசனத்தின் அடிப்படையும் ஒன்று. ஃப்ரீடின் கொலம்போ கடமையைச் செய்யும் போலீஸ்காரர், சிறிது கடுமையானவர். அவர் போன பின் அவரைப் பற்றி நாம் யோசிப்பதில்லை. ஃபால்க்கின் கொலம்போவைப் பற்றி 1968-லேயே யோசிக்கத் தொடங்கிவிடுகிறோம். அதன்பின் கார்ஸினியின் கதையைக் கண்டு, அதன் இறுதிக் காட்சியை முதற்படத்தில் வைத்தியரும் கொலம்போவும் மதுக்கோப்பையோடு உரையாடும் காட்சியோடு ஒப்பிட்டால், அதே மனிதர் அதே நிலையில் அமர்ந்து கொலைகாரனோடு அருந்தும் இரு காட்சிகளுக்கிடையே பாத்திரம் வளர்ந்த உயரம் கண்கூடாகத் தெரியும்.